ஷார்ஜாவிலிருந்து வந்த தூக்க மாத்திரை

என் பிரியமான அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து திரும்பினோம். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுமையாகக் கேட்கிற ஆள் இல்லை. அம்மாவுக்குச் சுகம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஊசியெல்லாம் முடிந்தது. இனி அவ்வப்போது போய்க் காட்டினால் போதுமாம். அல்ஹம்துலில்லாஹ்.

எதற்கு ஸ்கேன், என்ன ஊசி என்று கேட்பீர்கள். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன மறுவருஷம் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். அப்போது உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, அத்தா. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு கீமோ ஊசி. முடி கொட்டியது, வாயெல்லாம் புண், ரசம் சோறுகூட இறங்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை முனகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊசி பாதியில் இருக்கும்போது அண்ணனின் பார்சல் வந்தது. ஷார்ஜாவிலிருந்து அண்ணன் அனுப்புகிற பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தைலம், பேரீச்சம்பழம், பால் பவுடர், யாருக்கும் பொருந்தாத சட்டைகள். இந்தத் தடவை ஒரு பெரிய டப்பா நிறைய மாத்திரையும் இருந்தது. மெலட்டோனின் என்று பேர். இருட்டினால் நம் உடம்பு தானாகச் சுரக்கிற தூக்க ஹார்மோன் அது. அதையே மாத்திரையாக்கி விற்கிறார்கள்.

யூட்யூபில் யாரோ ஒரு கோட்டுப் போட்டவர் சொன்னாராம், தூக்கம் கெட்டால் அந்த ஹார்மோன் குறையும், அது குறைந்தால் புற்றுநோய் வரும், அதை விழுங்கினால் புற்றுநோய் ஓடிப்போகும் என்று. அண்ணன் அதை அப்படியே போனில் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறார். என் காதில் மட்டும் போடவில்லை. போட்டால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

விஷயம் வெளியே வந்தது பக்கத்து வீட்டு சரோஜா அக்காவால். அவர் வீட்டுக்காரர் மூட்டுவலியில் தூங்காமல் தவிக்கிறார் என்று அம்மா இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். கல்ஃப் சாமான் எது வந்தாலும் தெருவுக்கும் பங்கு வைப்பதுதானே நம் வீட்டு வழக்கம்? அன்றைக்கு அவர் வயலுக்கு முறைத்தண்ணீர். மடையைத் திறந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்துபோய் அடைக்கலாம் என்று வந்த மனுஷர், இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு படுத்தார். முகத்தில் வெயில் அடித்த பிறகுதான் எழுந்தார். தெளித்த விதையெல்லாம் தண்ணீரில் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. சரோஜா அக்கா நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போய் டப்பாவைத் திறந்தால் பாதி காலி. அடுத்த ஊசிக்கு வரப்போவதில்லை, மாத்திரையே போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஊசியை நடுவில் விட்டால் என்ன ஆகும்? போன் போட்டு அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அம்மாவிடம் கெஞ்சினேன், கத்தினேன். நீங்கள் இருந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பீர்கள் அத்தா? கடைசியில், டாக்டரிடம் கேட்போம், அவர் சரியென்றால் நான் இனி வாயைத் திறக்கவே மாட்டேன் என்றேன். அந்த ஆசையில்தான் அம்மா பஸ் ஏறியிருக்க வேண்டும்.

டாக்டர் சின்னப் பெண், திருக்காட்டுப்பள்ளிக்காரர். டப்பாவைப் பார்த்ததும் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. இந்த ஹார்மோனை வைத்து ஆராய்ச்சி நடப்பது நிஜம்தான் என்றார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் கட்டி வளர்வதை இது மட்டுப்படுத்துவதாகப் பார்த்திருக்கிறார்களாம். மனிதர்களுக்குச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், ஒரு இடத்தில் பலன் தெரிகிறது, இன்னொரு இடத்தில் தெரியவில்லை. முடிவாக எதுவும் சொல்வதற்கில்லை. ஊசிக்குப் பதிலாக இது என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது, எதை விழுங்கினாலும் எங்களிடம் கேட்டுவிட்டு விழுங்குங்கள் என்றார்.

நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"டாக்டரம்மா, இவ அத்தா மௌத்தானதுலேருந்து நான் சரியா தூங்குனதே இல்ல. அவங்கள நெனச்சு நெனச்சு முழிச்சுத்தான் கெடப்பேன். அதனாலதான் எனக்கு இது வந்துச்சா?"

இதைத்தான் அம்மா இத்தனை மாதமும் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். நீங்கள் போன துக்கமே நோயாக வந்தது என்று நம்பியிருக்கிறார். வெளியே சொன்னால் பழி உங்கள் மேல் விழுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. தூக்கத்தை மாத்திரையால் ஈடுகட்டிவிட்டால் நோய் போய்விடும், உங்கள் மேலும் ஒரு சொல் வராது. அவர் போட்டிருந்த கணக்கு அதுதான். நான் என்னவோ ஊசிக்குப் பயந்து அடம்பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வருஷக்கணக்கா ராத்திரி வேலை பாக்குறவங்க விஷயத்துல ஒரு சந்தேகம் இருக்கும்மா, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா உங்க வீட்டுக்காரர நெனச்சுத் தூங்காம இருந்ததாலதான் உங்களுக்கு வந்துச்சுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. அப்படி நெனைக்காதீங்க."

"அப்ப அவங்க காரணமில்லையே?" என்று அம்மா மறுபடியும் கேட்டார். இல்லவே இல்லை என்றார் டாக்டர்.

அம்மா அழுதார், அத்தா. உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊசி என்றைக்குப் போடணும் என்று அவரே கேட்டார். மிச்ச ஊசிக்கெல்லாம் எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றார். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நெஞ்சில் வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அண்ணன் அடுத்த மாதம் லீவில் வருகிறார். வெறும் பேரீச்சம்பழத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. சரோஜா அக்கா வீட்டில் மறுபடி விதை விட்டு, நடவும் முடிந்தது.

உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே ஒன்றைச் சொல்லத்தான். அம்மாவின் நோய்க்கு நீங்கள் காரணமில்லை. அங்கே உங்களுக்கும் அந்தக் கவலை இருந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு இன்னமும் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. முன்பெல்லாம் நான் எட்டிப் பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இப்போது மூடுவதில்லை. "ஒங்க அத்தாவ நெனச்சுக்கிட்டிருக்கேன், நீ போய்ப் படு" என்கிறார், கொஞ்சமும் பயமில்லாமல். இனிமேல் நானும் அவரைத் தூங்கச் சொல்லி விரட்ட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

துஆவுடன்,
உங்கள் வாயாடி மகள்
மும்தாஜ்