பள்ளியில் போட்ட கதிரை

செவ்வாய், இரவு.

என் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கியும் பழைய எடை முழுதும் திரும்பிவிட்டது. மறுபடி வெட்டலாம், ஆனால் இந்த வயதில் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் இன்று சொன்னார். வரும் வழியெல்லாம் மகள் பொரிந்து தள்ளினாள்.

“வாப்பா, சோத்தை விட்டிட்டு, நோன்பு முடிஞ்சும் தேங்காய்ப்பால் கஞ்சியைச் சட்டி சட்டியாக் குடிச்சனீங்கள்.”

“கஞ்சி வருத்தக்காரருக்குக் குடுக்கிறது, மகள்.”

“வருத்தக்காரர் ஒரு கோப்பை குடிப்பினம். நீங்கள் நோன்புக்குப் பள்ளிவாசல்ல காய்ச்சின அளவு குடிக்கிறியள்!”

சோற்றைத் தொடாமல் கிடந்தேன். அதை யார் நினைக்கிறார்கள்?

வெட்டிய புதிதில் எடை குறைந்து, தொழும்போது முழங்கால் மடங்கியது, நெற்றி நிலத்தில் பட்டது. இன்று பள்ளியில் எனக்கு மறுபடி உட்கார்ந்து தொழக் கதிரை போட்டார்கள். அந்தக் கதிரையில் இருந்து தொழுவதைவிட வெட்டும் மேசையில் உயிர் போய் மௌத்தாகலாம்.

காலையில் மகளிடம், மறுபடி வெட்ட டொக்டரிடம் திகதி எடுக்கச் சொல்வேன். கஞ்சியைப் பற்றி மட்டும் அவள் பேசக் கூடாது.