கிணற்றில் தொங்கிய ஆணி

அம்மா,

எழுத்து வாசிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தானே உனக்குப் படித்துக் காட்டினேன். இதையும் அப்படித்தான், எழுத எழுத மெல்ல வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் போர்ஷனில் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கதவைச் சாத்தியிருக்கிறேன்.

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட்டைத் தேடிப் பையைத் துழாவியபோது, நீ போனதிலிருந்து நான் வைத்திருக்கும் உன் ஆணி கையில் அகப்பட்டது. அதில் நீ கட்டிய நூல் கறுத்துப்போயிருக்கிறது. பீச் வண்டி வந்து நின்றது, கிளம்பியும் போனது. நான் ஆணியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வேலைக்குப் போய் சோப்பு போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் இரும்பு வாசனை போகவில்லை. அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்க் குடத்தை மூடியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

முடிச்சூரில் இந்த வீட்டுக்கு நாம் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். அப்போது சுற்றிலும் நெல் வயல். அப்பாவை நெஞ்சு ஆஸ்பத்திரியில் காட்டத்தான் மலையை விட்டு இவ்வளவு தூரம் வந்தோம். செம்புச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்துத் துளைத்து, அந்தக் கல்தூசி அவர் மார்பில் இறங்கியிருந்தது. சாமான்களை இறக்கியதும் எல்லோரும் பால் காய்ச்சுவார்கள். நீ ஓர் ஆணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நூலில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாய். மறுநாள்வரை அந்தத் தண்ணீரை என் வாயில் படவிடவில்லை.

காலையில் வீட்டுக்கார ருக்மணி அக்கா தண்ணீர் சேந்தும்போது வாளிக் கயிற்றில் நூல் சிக்கியது.

"இன்னாம்மா இது? குடிவந்து ஒரு நாளு ஆவல, கெணத்துல ஆணி வுட்டு வச்சிக்கீற. யார் குடிய கெடுக்க வந்துக்கீற?"

அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். செய்வினை எடுப்பவரைக் கூப்பிட வேண்டும் என்றுகூட யாரோ சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ சத்தம் போடவில்லை. ஆணியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். உன் முகம் தெளிந்தது.

"துருதான் ஏறியிருக்கு. செவக்கல. உங்க தண்ணி நல்ல தண்ணிக்கா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முன்னாலேயே ஒரு சொம்பு நிறையக் குடித்தாய்.

ருக்மணி அக்கா காலிச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நல்ல தண்ணின்னு சொல்ல ஆணி எதுக்கு? என்னெ கேட்டா நான் சொல்ல மாட்டனா?" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து தெருவுக்கே நீ ஆணிக்காரம்மா.

அவருக்கு நீ விவரம் சொன்னது பிறகு ஒரு மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டே. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கன்னடத்து மலைப் பள்ளத்தாக்கில் செம்பு எடுக்கத் தொடங்கியது யாரென்று யாருக்கும் தெரியாது. அப்பா புதுச் சுரங்கத்தில் துளைத்துக்கொண்டு போனபோது ஒருநாள் கம்பி சட்டென்று வெற்றிடத்துக்குள் பாய்ந்ததாம். உள்ளே பழைய ஆட்கள் தோண்டிய பொந்து. சுவரெல்லாம் புகை, தரையில் கரித்துண்டுகள். தீ மூட்டிப் பாறையைக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து, செம்பு ஓடும் நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போயிருக்கிறார்கள். அவர்கள் உருக்கிக் கொட்டிய கறுப்புக் கசடு மேடுகளில்தான் நான் சறுக்கி விளையாடினேன். பிறகு எல்லோரும் மறந்துபோன இடத்தில் சர்க்கார் பெரிய சுரங்கம் போட்டது. தங்க வயல் சுரங்கத்தில் வேலை இழந்தவர்கள் அங்கே போனார்கள். அப்படித்தான் நாமும் போனோம்.

வந்தவர்கள் எல்லோரும் செம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மலையின் கசிவு மட்டும் ஓடையில் இறங்கி நாம் இருந்த தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டி ஓடியது. எவ்வளவு அழகான தண்ணீர் அது, மயில் கழுத்து நிறத்தில். சுரங்க நீரைத் தொட்டிகளில் தேக்கி, பழைய இரும்பைப் போட்டு வைப்பார்கள். இரும்பு கரைந்து போய் அதன்மேல் செம்பு சிவப்பாகப் படியும். அதையும் சுரண்டி எடுப்பார்கள். அதனால் லைனில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஆணி விஷயம் தெரியும். குடிக்கும் தண்ணீரில் சந்தேகம் வந்தால் ஆணி போட்டுப் பார்ப்பார்கள்.

உனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோனபோது, ஓடைக்கு மேலே இருந்த ஊற்றில் ஒரு குடம் பிடித்துவந்தாய். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர். அதில்தான் தம்பிக்குப் பால்பவுடர் கலக்கினாய். அவனுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. அவனை அத்திமரத்தடியில் புதைத்துவிட்டு வந்ததும் குடத்தை எட்டி உதைத்தாய். தண்ணீர் முழுவதும் மண்ணில் போன பிறகுதான் எதிர்வீட்டுப் பெண் ஆணியோடு வந்தாள். போட்டுப் பார்க்கத் தண்ணீர் இல்லை. அப்புறம் ஊற்றுப் பக்கம் போக உனக்குத் துணிவு வரவில்லை.

ருக்மணி அக்கா முறத்தை வாங்கி வைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார். 

அப்பா போன பிறகும் நீ மலைக்குத் திரும்பவில்லை. அப்பளக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு இங்கேயே என்னைப் படிக்கவைத்தாய். ருக்மணி அக்காவின் பெண்ணைப் பம்மலில் கட்டிக்கொடுத்தார்களே, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக, நாற்றமாக வந்தபோது அக்கா உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். "ஆணிய எடுத்துக்கினு வா" என்றார். நானும் கூட வந்தேன். தெருக்கோடியில் தோல் பதனிடும் கொட்டகை. நீ கிணற்றை எட்டிப் பார்த்தாய். ஆணியை வெளியே எடுக்கவே இல்லை.

"இது செம்ப மட்டுந்தான்க்கா சொல்லும். தோல் கழுவுற தண்ணியப் பத்தி இதுக்கு ஒண்ணும் தெரியாது."

திரும்பும்போது பஸ்ஸில் தாம்பரம் வரும்வரை ஆணி நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாய். இறங்கும் சமயத்தில், "எல்லாத் தண்ணியையும் சொல்லுற படிப்பு ஏதாவது இருக்கா பாப்பா?" என்று கேட்டாய். அப்போது நான் பிளஸ் ஒன். பிறகு கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுத்தது அந்தக் கேள்வியால்தான். நம் வீட்டில் முதல் டிகிரி அது. சான்றிதழை நீ தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். நான் திருத்தவில்லை.

இப்போது நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களின் தண்ணீரைப் பார்த்துச் சொல்லும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது. யார் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். யாருக்கும் மனதில்லை. யாரோ கையைத் தூக்கியிருந்தார்கள், பார்த்தால் என் கை. பக்கத்து மேஜை ஷீலா என்னையே பார்த்தாள். "வாயத் தொறந்து ஒரு குட் மார்னிங் சொல்ல மாட்ட. கைய மட்டும் இவ்ளோ வேகமா தூக்குற" என்றாள்.

தூக்கிய கையை இறக்கிவிடலாமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று நீ என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நான் பாழாய்ப்போவேன் என்ற பயம் அல்ல அது. பதில் தெரிந்துவிடும் என்ற பயம். இன்றைக்கு அந்த ஊற்றில் நான் எடுக்கும் தண்ணீர் அன்றைக்கு உன் குடத்தில் இருந்த தண்ணீர் அல்ல. எந்தப் பரிசோதனையும் அவ்வளவு தூரம் பின்னால் போகாது. கோடையில் எந்த ஊர்க் குழந்தைக்கும் வாந்திபேதி வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஊற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது போலிருக்கிறது. சுத்தமாக இருந்தால் உனக்குச் சொல்வேன். இல்லாவிட்டால், இன்னும் அங்கே குடம் பிடிக்கும் பெண்களிடம் சொல்வேன். அவர்களிடமாவது வாய் திறந்து பேசித்தான் ஆகவேண்டும்.

சாயங்காலம் நம் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். வயலெல்லாம் மனையாகி, தெருவில் எல்லோரும் போர் போட்டுவிட்டார்கள். ருக்மணி அக்கா கிணற்றை மட்டும் தூர்க்கவில்லை. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குடி ஊருக்குத் தண்ணி தூக்கினு போற? அங்க தண்ணி இல்லியா?"

"இருக்குக்கா. அதான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அத்திமரத்தடியில் ஊற்றுவதற்கு என்று சொல்ல வரவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். பாட்டிலை வாங்கி முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

அம்மா, நாம் மலையை விட்டுக் கிளம்பியபோது லைன் பெண்கள் லாரியைச் சுற்றி நின்றார்கள். நீ 'போயிட்டு வரோம்' என்று சொல்வாய் என்று காத்திருந்தார்கள். நீ 'போறோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாய். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்களைப் பார்ப்பதுபோல் அவர்கள் பார்த்தார்கள். உன் மடியில் உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நாளைக்கு வண்டி. பையில் பாட்டில்கள் இருக்கின்றன, உன் ஆணியும் இருக்கிறது. ஒன்றைக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால் இவ்வளவு நேரம் வேறு எதையெதையோ சொன்னேன். கிளம்பும்போது வாசலில் நின்று உன் படத்தைப் பார்த்து, "போயிட்டு வரேம்மா" என்று சொல்வேன். ஒரே ஒரு தடவை, "போயிட்டு வா" என்று சொல்லிவிடம்மா.