இரண்டாவது ஜாய்ஸ்டிக்

ஓசூர்,
விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தர்ஷினி அப்பாவுக்கு,

வினோதா எழுதுவது. இங்கே நானும் மகளும் நலம். மஸ்கட்டில் நீங்களும், என்னிடம் சொல்லாமல் மறைக்கிற உங்கள் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் இந்தப் பக்கம் உங்கள் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் உங்கள் அறைக்காரர்கள் ஒவ்வொருவராக எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். புருஷனோடு பேசுகிறேனா, பொதுக்கூட்டத்தில் பேசுகிறேனா என்றே தெரியவில்லை. அதனால்தான் லீவு முடிந்து கிளம்பும் நாகரசம்பட்டி ரத்தினவேல் அண்ணனிடம் மாங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை அறைக்குப் பொதுவாக வையுங்கள். கடிதத்தைத் தனியாகப் படியுங்கள்.

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது. அதில் இத்தனை நாள் உட்கார்ந்து வந்த மாதேஸ்வரி கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். வழியனுப்பும்போது கம்பெனியில் எங்கள் லைனில் எல்லாரும் அழுதார்கள், என்னைத் தவிர.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் காலேஜ் சேர்ந்ததற்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். “கேம் ஆடற கம்ப்யூட்டர்னா பணம் அனுப்பறேன் கண்ணு, பெங்களூர்ல சொல்லி அசெம்பிள் பண்ணிக்கலாம். டிவில மாட்டி ஆடற கன்சோல்னா இங்கயே நல்லதா கிடைக்குது, நான் வரும்போது கையோட எடுத்தாறேன்” என்றீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் அவள் கம்ப்யூட்டர் என்றுவிட்டாள். படிப்புக்கும் ஆகும் என்று யோசித்திருக்கிறாள், என் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று பஸ் முழுக்கப் பெருமையடித்தேன்.

மறுநாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டே, படிப்புக்குத்தானே என்று அவளிடம் கேட்டேன். தலை வாரிக்கொண்டே சொன்னாள்: “அதெல்லாம் இல்லம்மா. கன்சோல்னா அப்பா வரணும். கம்ப்யூட்டர்னா பணம் வந்தாப் போதும்.”

மிக்சியை நான் நிறுத்தவே இல்லை. அன்றைக்குச் சட்னியை டம்ளரில்தான் ஊற்றிக் குடித்திருக்க வேண்டும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பொங்கலுக்கு வருகிறேன் என்றீர்கள், கம்பளி வந்தது. மாம்பழ சீசனுக்கு வருகிறேன் என்றீர்கள், இன்னொரு கம்பளியும் சென்ட் பாட்டிலும் வந்தன. ஓசூர்க் குளிருக்குக் கம்பளி தேவைதான், ஆனால் இது வீடா கம்பளிக் கடையா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

மகள் மனசை மாற்ற நான் ஒரு சதி செய்தேன். மாடி வீட்டு சரஸ்வதியும் அவள் புருஷன் கமலக்கண்ணனும் ஆயுத பூஜைக்கு மதுரை போனார்கள். அவர்கள் வீட்டுக் கன்சோலை அந்த லீவுக்கு மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். ஆடிப் பார்த்தால் ஆசை வரும் என்பது கணக்கு. ஆனால் பூஜை என்றால் உங்கள் பெண்டாட்டிக்குக் கை நிற்காதே. கம்பெனியில் காலையிலேயே மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்த வேகம், வீட்டில் மிக்சி, ஸ்கூட்டி சாவி, அவள் புத்தகம் எல்லாவற்றோடும் கன்சோலையும் வரிசையில் வைத்து, இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் சந்தனம், குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுக்கக்கூடாது. உங்கள் மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஒரு லீவு நாளைக்குன்னு கேட்டு வாங்கியாந்து, அதுக்கும் லீவு விட்டுட்டியேம்மா!” என்றாள். பொரியைத் தின்றுகொண்டே இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

விஜயதசமி காலையில் கார் ஓட்டும் ஆட்டம் போட்டாள். என் ஜாய்ஸ்டிக்கில் சந்தனம் காய்ந்து இறுகி, கார் இடது பக்கமே இழுத்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்த பிறகும் நான் சுவரில்தான் மோதினேன், அதற்குச் சந்தனம் பொறுப்பல்ல. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து வெகு நாளாகிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “உன்னை ஜெயிச்சா ஜெயிச்ச மாதிரியே இல்லம்மா. அப்பான்னா தோத்துட்டு, மெஷின்தான் சரியில்லன்னு சண்டையாவது போடுவாரு.”

கன்சோலைத் திருப்பிக் கொடுத்தபோது கமலக்கண்ணன் முகர்ந்து பார்த்து, “என்னக்கா, இதுல கோயில் வாசம் அடிக்குது?” என்றார். புதுச் சென்ட், மஸ்கட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றாள். “கன்சோலே போதும்னு அப்பாகிட்ட சொல்லிடும்மா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாத. அப்புறம் வரலைன்னா எனக்குத்தான் அசிங்கம்” என்றாள். சொல்லமாட்டேன் என்று ஈரக் கையோடு சத்தியம் செய்து கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆகவே பணம் அனுப்பாதீர்கள். பார்சலிலும் போடாதீர்கள். லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அங்கே கூடுதலாகப் பணம் தருகிறார்கள் என்பதை ரத்தினவேல் அண்ணன் இரண்டாவது காபியில் உளறிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள், காபியைக் கொடுத்துக்கொண்டே இருந்தவள் நான். அவர் கையிலேயே அடுத்த தடவை கன்சோலைக் கொடுத்தனுப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் வேலை பார்ப்பது இன்ஸ்பெக்‌ஷனில். ஒரு பாகம் குறைந்தாலும் முழுப் பொருளையும் கழித்துச் சிவப்பு டப்பாவில் போடுகிற கை இது.

மகள் முன்னால் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள். டிக்கெட் போட்ட பிறகு, போனில் சாதாரணமாக, கன்சோலே வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரில்தான் இருக்கும், நானும் கேட்பேன். அதுவரை மாடிக்குப் போய்ச் சரஸ்வதியோடு ஆடிப் பழகி வருகிறேன். நீங்கள் வந்தால் என்னோடும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும்.

முட்டிக்குத் தைலம் தேயுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள், இருந்து வாருங்கள்.

இப்படிக்கு,
சுவரில் மோதாமல் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கும்
வினோதா