விக் பெயரில் நான் வாசித்தது

சிகாகோ,
அக்டோபர் 9, 1975

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

லண்டன் ஸ்டுடியோக்களில் ஆறு வருஷம் பெயரில்லாமல் கிட்டார் வாசித்தவன், இப்போது ஒரு பெரிய ராக் இசைக்குழுவில், விக் என்ற கிட்டார்காரர் விலகிய இடத்தில் நிற்கிறேன். முதல் கச்சேரியில் கூட்டம் "விக் எங்கே?" என்று கத்தியது. பீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து நெற்றியில் பட்டது. இரண்டே தையல், பயப்படாதீர்கள்.

பாடகர் டெரெக் காதருகே வந்து, "உள்ள போயிடுறியா?" என்றார்.

"இவங்க கொண்டாடுற ரெக்கார்டுல விக் பேர்ல வாசிச்சதே நான்தானேய்யா! போகமாட்டேன்."

வாசித்தேன். கத்தியவர்களே கூடச் சேர்ந்து பாடினார்கள். டெரெக் மைக்கில் என் முழுப் பெயரையும் சொன்னார். அதைக் கேட்க நம்மவர் ஒருவர்கூட அங்கே இல்லை.

ஓட்டல் அறையில் இருப்புக்கொள்ளவில்லை. நம் டீத்தூள் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாதீர்கள். அடுத்த ஊர்க் கச்சேரிக்கு பஸ் கிளம்புகிறது.

உங்கள்
ரோலண்ட்