சம்பந்தி ஏன் பேசவில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அக்கா, அத்தான், கடை எல்லாம் சௌக்கியம். அங்கே நீயும் சௌக்கியம் என்று உன் போன கடிதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, மண்டைதான் சூடாகிக் கிடக்கிறது என்று படித்தவுடனே தெரிந்தது. வேளைக்குச் சாப்பிடு, ஒழுங்காகத் தூங்கு, இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்காமல் எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலையும் மிதிக்காதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாக வேண்டும்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறைச் சுவரில் இருந்த ஈரம் ஒருவழியாக நின்றது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அப்பா ஏணி போட்டு ஏறி, நன்றாக இருந்த குழாயையும் உடைத்து வைத்தார், பிறகு குழாய் ரிப்பேர்க்காரர் வந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்தார். அக்காவுக்கு அவள் ஆபீசில் வீட்டுப் பக்கத்துக் கிளைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, அதனால் தினமும் என்னைக் குறை சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கிறது. கடைக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டோம். போட்ட அன்றே ஒருவர் அதில் நேராகப் போய் முட்டிக்கொண்டார், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கண்ணையும் பரிசோதித்து அனுப்பினேன். கதவுதான் இனி நம் கடைக்கு விளம்பரம் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருந்தாய், அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நம்மை ஏற்றுக்கொள்ள மனமில்லை, வேற்று மொழிக்காரர்கள் என்று ஒதுக்குகிறார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் ஒரு ஹலோவுக்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை, இதற்கு மேலும் கெஞ்ச முடியாது, அடுத்த மாதம் அவர் இல்லாமலே கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்கிறோம் என்று. அவளும் அழுதுகொண்டே சரி சொல்லிவிட்டாள் என்றாய். அவள் அப்பாவும் அம்மாவும் இங்கே வரப்போவதே, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகத்தான் என்றும் எழுதியிருந்தாய். போன வாரம் வந்தார்கள், நம் வீட்டிலேயே தங்கினார்கள், நேற்றுத்தான் கிளம்பிப் போனார்கள். நடந்ததைக் கேள்.

அவர்கள் வருவதற்கு முன்பே வீட்டில் எல்லாருக்கும் ஓர் உத்தரவு போட்டுவைத்திருந்தேன். விருந்தாளிகள் முன்னால் யாரும் தமிழ் பேசக் கூடாது, புரியாத மொழியில் நமக்குள் பேசிக்கொண்டால் தங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் எதுவானாலும் பொது மொழியில்தான் பேச வேண்டும் என்று. நம் பக்கமும் அவர்கள் பக்கமும் படிப்புக்கும் ஆபீசுக்கும் அந்த மொழிதானே. பார்த்தால், அதே உத்தரவை அந்தச் சம்பந்தியம்மாளும் தன் வீட்டுக்காரருக்குப் போட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறாள். ஆக, அவர்கள் வந்த அன்று முழுக்க நம் வீட்டுக் கூடம் வேலைக்கு ஆள் எடுக்கிற அறை மாதிரி இருந்தது. உன் அப்பா என்னிடம் தண்ணீர் கேட்பதைக்கூட ‘தயவுசெய்து’ போட்டுக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து கேட்டேன். சம்பந்தி மட்டும் வாயே திறக்கவில்லை. பயணம் எப்படி இருந்தது என்றால் தலையை ஆட்டுகிறார், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் தட்டைப் பார்க்கிறார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை சொன்னது சரிதான், கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று அப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், என் உத்தரவை நானே மீறித் தமிழில் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் அவர் மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி கழன்று வந்துவிட்டது. கடைக்கு வாருங்கள், அப்படியே பார்வையையும் பார்த்துவிடுகிறேன் என்று இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். நம் கடையில் நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். அந்தத் தெருவில் புழங்குகிற ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எழுத்து அட்டை வைத்திருக்கிறேன், படிக்கத் தெரியாதவர்களுக்கு வெறும் கோடு போட்ட அட்டை. உங்களுக்கு எந்த மொழி என்று வாயால் கேட்க மாட்டேன். கேட்டால் சில பேர் கௌரவத்துக்காகச் சரியாகத் தெரியாத மொழியைச் சொல்லிவிட்டு, எழுத்து பிடிபடாமல் தடுமாறி, பார்வைதான் மங்கல் என்று கனத்த கண்ணாடியை வாங்கிப்போய்த் தலைவலியோடு திரும்பி வருவார்கள். அதனால் அட்டைகளைக் கத்தையாக நீட்டிவிடுவேன், அவரவருக்கு வேண்டியதை அவரவரே உருவிக்கொள்வார்கள். அன்றைக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை. மனிதர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர், காலமெல்லாம் தன் மொழியிலும் பொது மொழியிலும் மைக்கில் பேசியவர், அவருக்குப் போய் என்ன கத்தை என்று நானாகவே பொது மொழி அட்டையை மாட்டிவிட்டேன்.

முதல் வரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை எழுத்து. அதைப் பார்க்கிறார், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. லென்ஸை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன், ஊஹூம். கண்ணில் புரை இருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கிறது. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கைப்பழக்கத்தில் கத்தையை எடுத்து நீட்டினேன். அவர் தன் மொழி அட்டையை உருவி என்னிடம் கொடுத்தார். மாட்டினேன். அவ்வளவுதான், மேலிருந்து கீழ்வரை கணீரென்று படித்தார் பார்! கடைசி வரிக்கும் கீழே பொடி எழுத்தில் இருக்கிற அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், வாசலில் காத்திருந்த ஒரு பெரியவர் ரயில் வந்துவிட்ட மாதிரி பையைத் தூக்கிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், சம்பந்தியம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

லென்ஸ் தேய்க்கிற பின்னறைக்கு அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அவளும் நானும் அந்தப் பொது மொழியில் தட்டுத்தடுமாறித்தான் பேசினோம், ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நம் பேச்சிலேயே கேட்ட மாதிரிதான் மனசில் நிற்கிறது. போன வருஷம் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். கை கால் தேறிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது, ஆனால் வீட்டுப் பேச்சு மட்டும்தான் வந்திருக்கிறது, பொது மொழி துடைத்த மாதிரி போய்விட்டதாம். “காது கேக்குது, யாரோ பேசுறாங்கன்னு தெரியுது, ஒரு வார்த்தை புரிய மாட்டேங்குது, திருப்பிச் சொல்ல ஒண்ணும் வர மாட்டேங்குது, சோறு போட்ட மொழி இப்பிடி விட்டுட்டுப் போயிடுச்சேன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறாரு” என்றாள். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்பாவுக்கு இப்படி என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. லேசான மயக்கம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவள் அப்பாவோடு பேசுவது எப்போதும் வீட்டு மொழியில்தானே, அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, பிறகு அவளுக்கு எப்படித் தெரியும்? உன்னோடு ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்று அவள் கேட்டால், மைக்கில் பேசிப் பேர் வாங்கின மனிதர் பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வார், விடு விடு என்று பேச்சை மாற்றிவிடுவாராம். வியாதி என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போய்விடும் என்று அந்த அம்மாளுக்கும் பயம். “உங்க பையன் போன் பண்ற நாள்ல காலையிலேயே சவரம் பண்ணி, நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போன் பக்கத்துல வந்து உக்காந்துடுவாரு. ஒண்ணும் புரியாது, ஆனா அந்தக் குரல் பிடிச்சிருக்குன்னு சொல்வாரு” என்றாள். இப்போது நீயே யோசித்துப் பார். இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவையாவது அவர் முதலில் போனை வைத்திருக்கிறாரா? ஒவ்வொரு முறையும் வைத்தது நீதானே?

அன்று வீட்டுக்கு வந்த உடனே உத்தரவை ரத்து செய்தேன். அவரவர் வாய்க்கு வந்த மொழியில் பேசுங்கள், புரிந்தால் புரியட்டும் என்றேன். அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை. அந்தக் கல்லுளிமங்கனா இவர் என்று ஆகிவிட்டது. அவர் தன் மொழியில் ரயில் கதை சொல்கிறார், உன் அப்பா தமிழில் தான் பஸ் ஓட்டிய கதை சொல்கிறார், ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் சரியாகச் சிரிக்கிறார்கள். அக்கா தன் போனில் மொழிபெயர்க்கிற வசதியைத் திறந்து நடுவில் வைத்தாள். உன் அப்பா அதற்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து அதனிடம் கத்தினார். அது ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள், கடைசியில் அக்காவே அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒன்று மட்டும் சம்பந்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், அந்த அம்மாள் எனக்கு எடுத்துச் சொன்னாள். பையனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கல்யாணமானபின் தங்கள் வீட்டில் அந்தப் பொது மொழிதான் பேசுவோம் என்று மகள் சொன்னாள், நாளைக்குப் பேரன் பேத்தி வந்து எதிரே நின்றால் நான் என்ன பேசுவேன் என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் பையன் உங்கள் மொழியைக் கற்றுக்கொள்வான், பிள்ளைகளுக்கு உங்கள் மொழியும் வரும், எங்கள் மொழியும் வரும், இது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ நேரமில்லை என்றிருப்பாய். எங்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி இருக்கிறது, பிள்ளைகளுக்கும் அது ஒன்றே போதும், அதில் யாருக்கும் சண்டை இல்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றே எனக்குச் சுருக்கென்றது. அந்த மொழியை நான் குறை சொல்லவில்லை. உன்னைப் படிக்க வைத்தது அது, அந்த ஊரில் உனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தது அது, உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்ததும் அதுதான். இருக்கட்டும், நன்றாகப் பேசுங்கள். ஆனால் பெற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்கு அது இல்லை. வீடென்றால் உள்ளே வருகிறவர்கள் எல்லாருக்கும் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அவளை உட்கார வைத்துக் கேள். கவிதையும் காதல் வசனமும் அப்புறம். சாப்பிட்டீர்களா, கால் வலி எப்படி, மருந்து குடித்தீர்களா, அங்கே மழையா, இந்த மாதிரி அன்றாடம் வாயில் வருவதை முதலில் கேட்டுக்கொள். தப்பாய்ப் பேசு, பரவாயில்லை. எனக்கே சம்பந்தி தன் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொடுத்து, நான் சொன்ன அழகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். உன்னையும் திருத்துவார், கோபித்துக்கொள்ளாதே, வேண்டாத பிள்ளையை யாரும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். நடந்ததை மருமகளிடம் நீயே பக்குவமாகச் சொல், இனி அவளை மருமகள் என்றுதான் எழுதுவேன். சொல்லும்போது பக்கத்தில் இரு, அழுதால் அழவிடு. மகளிடம் சொல்லலாம் என்று அவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அடுத்த மாதம் வைத்திருக்கிற பதிவைத் தள்ளிப் போடு. பெரியவர்கள் நாங்கள் நாலு பேரும் வந்து நின்று நடத்தி வைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஓர் எண்ணம் வந்து வந்து போகிறது. நாளைக்கு எனக்கும் ஒன்று வந்து, கடையில் பேசுகிற அத்தனை மொழியும் போய்விட்டால், மிஞ்சப்போவது இந்தத் தமிழ் ஒன்றுதான். முதலில் பயமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. இன்றைக்கு நீ அவள் அப்பாவுக்காக உட்கார்ந்து படிக்கிறதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள்? அன்றைக்கு அவள் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அரைகுறைத் தமிழில், என்னம்மா வேணும் என்று கேட்பாள். எனக்கு அது போதும்.

நீயும் அவளும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அக்கா சேலை கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அவர் சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்திருப்பார். நீ கற்றுக்கொண்டதை நிதானமாகச் சொல், பதில் வர நேரமாகும், பொறுத்திரு. அப்புறம் அவர் பேச ஆரம்பித்துவிடுவார், நிறையப் பேசுவார், உனக்குப் பாதிகூடப் புரியாது. புரியாவிட்டாலும் போனை வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா