டீக்கடையில் நீ காத்திருந்த மூன்று மணி நேரம்

அண்ணா,

இன்றைக்குக் காலையில் ஸ்டீம் பெட்டியின் கதவைத் திறந்ததும் உமி வெந்த வாசனை முகத்தில் அடித்தது. ஆராய்ச்சிக்கு வளர்க்கிற எலிகளுக்குப் படுக்கையாகப் போடுகிற உமி, கிருமி இருக்கக்கூடாதென்று ஆவியில் வைத்து எடுப்போம். தினமும் முகர்கிற வாசனைதான். இன்றைக்கு என்னவோ கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வேலைக்குச் சேர்ந்த புதுசில் என் தலைமுடியில் இந்த வாசனையை மோந்துவிட்டு, "இன்னாடி, கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டு ரைஸ் மில்லுக்குப் போய்க்கினு வர்றியா?" என்று கேட்டவன் நீதான்.

எட்டாவதோடு நின்றவளுக்கு ஆராய்ச்சி எல்லாம் எங்கே புரியும்? கூண்டு கழுவுவேன், தண்ணி பாட்டில் மாற்றுவேன். அங்கே ஆராய்ச்சி செய்கிற மேடம் சொன்னதைத்தான் உனக்கு வந்து சொன்னேன். ஒரு பெட்டிக்குள் இரண்டு கட்டை இருக்கும். ஒன்றை அமுக்கினால் உடனே ஒரு சர்க்கரை உருண்டை விழும். இன்னொன்றை அமுக்கினால் நாலு விழும், ஆனால் எலி கொஞ்ச நேரம் காத்திருக்கணும். சில எலி காத்திருக்கும். போதை மருந்து பழகின எலிகள் பலதும் அந்த ஒற்றை உருண்டைக்கே ஓடும்.

நீ சிரித்தாய். "எனுக்கும் அந்த மாதிரி ஒரு கட்டை கொண்டாந்து வை. எதை அமுக்குவேன்னு பாக்காமயே சொல்லிடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நீ மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரும்பு மில்லில் கம்பிக் கட்டு தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வலி போன பிறகும் நீ விடவில்லை. அப்புறம் டாக்டர் சீட்டே இல்லாமல் யார் யாரிடமோ வாங்க ஆரம்பித்தாய்.

நீ அப்படிப்பட்ட ஆளா? ஆரம்பாக்கம் ஏரியில் தூண்டிலைப் போட்டால் பாதிநாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாய். கொக்கு கூட உன் பக்கத்தில் பயப்படாமல் நிற்கும். அதே நீ, டீ ஆறுகிற வரைக்கும் பொறுக்க முடியாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டினாய். நானும் விடவில்லை. "பொறுமைன்றதே உனுக்கு இல்லியா? மனுசனா நீ?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை அண்ணா, பல தடவை.

ஒருநாள் மேடத்திடம் கேட்டேன், அவசரக்காரங்கதான் இதில் போய் விழுகிறார்களா என்று. "ரெண்டும் இருக்கு அக்கா," என்றார். "சில எலி மொதல்ல இருந்தே அவசரம், அது சீக்கிரம் மாட்டிக்கும். சிலது நிதானமா இருந்ததுதான். மருந்து பழகின பிறகு அதோட மூளையில அந்த நிதானம் கொறஞ்சிடுது. நிறுத்தினாலும் உடனே திரும்பி வராது."

அதை உன்னிடம் வந்து சொன்னேன். "அப்போ நான் ரெண்டாவது எலி. முன்னாடி நல்லாத்தான் இருந்தேன்னு எலிங்களுக்காவது தெரியுது பாரு," என்றாய். அன்றைக்கு எனக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் நீயாகவே நிறுத்தினாய். வேர்த்துக் கொட்டியது, வயிற்றால் போனது. போர்வைக்குள் சுருண்டுகொண்டு அஞ்சு நாள் ஓட்டினாய். ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் கம்பெனி கேட்டிலிருந்து உள்ளே போன் வந்தது. நீதான்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்னு போ. மனசு மாறிடப் போவுது."

எலி ரூமுக்குள் போகும்போது குளித்து, அவர்கள் கொடுக்கிற துணி மாற்றிக்கொண்டுதான் போகணும். நடுவில் வெளியே வந்துவிட்டால் அன்றைக்குத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பாதிக் கூண்டு மாற்றியிருந்தேன், பாதி ஈரமும் மூத்திரமுமாகக் கிடந்தது. அந்த வாயில்லா ஜீவன்களை அழுக்கில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

"நாலு மணிக்கு வந்துடறேண்ணா. எதுர்ல டீக்கடையில குந்து."

"நாலு மணியா?" என்றாய், என்னமோ நான் அடுத்த வருஷம் என்று சொன்ன மாதிரி. அப்புறம், "சரி, நீ வேலையப் பாரு," என்றாய்.

அந்த எலிகளோடு தினம் இருக்கிறவள் நான். நாலு மணி உனக்கு எவ்வளவு தூரமென்று எனக்குத் தெரியாமல் போச்சே.

நாலு மணிக்கு நீ இல்லை. ஒரு மணி வரைக்கும் இருந்தார், நாலு டீ குடித்தார் என்று கடைக்காரர் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ரயில்வே லைன் ஓரத்தில் நீ உயிரில்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் வந்து சொல்லிவிட்டார்கள். அஞ்சு நாள் மாத்திரையை விட்ட உடம்பு, மறுபடி போட்ட பழைய அளவைத் தாங்கவில்லையாம்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது மேடத்திடம் எல்லாம் சொல்லி அழுதேன். என்மேல் தப்பில்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "அஞ்சு நாள் மருந்து இல்லாம இருந்துட்டு, பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தாரா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது எவ்வளவு பெரிய காத்திருப்புன்னு உங்களுக்குத் தெரியாது அக்கா," என்றார்.

உனக்குப் பொறுமை இல்லை என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன் சொல்லு?

போன மாசம் உன்னோடு மில்லில் வேலை பார்த்த ஏழுமலை அண்ணனின் சம்சாரம் ஓடி வந்தது. அவரும் அதே மாத்திரைதான். "ஆஸ்பத்திரிக்கு இப்பொ வர்றேன்னு சொல்றாரு, இப்பொ," என்றது. அரிசி கொதிக்கிற நேரம். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். கும்மிடிப்பூண்டியில் சென்ட்ரலுக்கு ரயில் ஏறினோம். கவரப்பேட்டையிலேயே அவர் எழுந்துவிட்டார்.

"தங்கச்சி, என்னால முடியல. நான் எறங்கறேன்."

"அடுத்த ஸ்டேசன்ல எறங்கலாண்ணே. அது வரைக்கும் குந்து."

பொன்னேரி வந்தது. அடுத்ததில் எறங்கலாம் என்றேன். அனுப்பம்பட்டு, மீஞ்சூர், ஒவ்வொன்றிலும் அதையேதான் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில், "ஏம்மா, நீ இன்னா பெரிய கில்லாடியா?" என்று திட்டிவிட்டு உட்கார்ந்தார். சென்ட்ரல் வந்ததும் அவரே முதலில் இறங்கி எனக்காக நின்றார்.

அவருக்கு முழுசாகச் சரியாகுமா என்று தெரியாது. இப்போதைக்கு வார்டில் இருக்கிறார். அங்கிருந்து திரும்பி வரும்போது ரயிலில் தனியாக உட்கார்ந்து உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நான் நாலு மணி என்று சொல்லியிருக்கக் கூடாது அண்ணா. கை கழுவிட்டு வந்துடறேன், அது வரைக்கும் இரு என்று சொல்லியிருக்கணும். நீ இருந்திருப்பாய்.