கூரை உள்ள இருக்கை

8 செப்டம்பர் 1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் விளையாட்டுச் சேனலுக்குச் சந்தா கட்டி, மொட்டைமாடியில் டிஷ்ஷும் நிறுத்தியாயிற்று. பகலெல்லாம் பழைய பில்லியர்ட்ஸையே திரும்பத் திரும்பப் போட்டு உயிரை எடுக்கிறார்கள். ஆனால் நேற்றுக் கால்பந்து வர்ணனையில் உங்கள் குரல் வந்ததும் தெருவே எங்கள் ஹாலில் கூடிவிட்டது. "மாப்பிள்ளை வெளிநாட்டு மைதானத்துலயே உட்கார்ந்து பேசறார்" என்று எல்லோரிடமும் சொன்னேன். இருபது வருடமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதுகிறவனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஆட்டத்தின்போது அவ்வளவு மழை கொட்டியதே, நனைந்தீர்களா? உங்கள் அத்தை ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
மாமா

30 செப்டம்பர் 1996

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். ஒரு சொட்டுகூட நனையவில்லை. நான் உட்காரும் இடத்தில் கூரை உண்டு. குளிர்தான் எலும்பு வரை போகிறது; அத்தையின் ஸ்வெட்டர் காப்பாற்றுகிறது. தங்களை அழைத்துப்போக எனக்கும் ஆசைதான். ஆனால் புதுச் சேனல் அல்லவா, எல்லாம் ஒரே கெடுபிடி. பில்லியர்ட்ஸ் பற்றி மேலிடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

14 மார்ச் 2004

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டு வருடத்தில் உங்கள் சேனல் மூன்று முறை பெயர் மாற்றிவிட்டது. ஒன்றாக இருந்தது நான்காகிவிட்டது, நான்கிலும் விளம்பரம். டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதன் ரிமோட்டில் எழுபது பொத்தான், எனக்குத் தெரிந்தது இரண்டு. பில்லியர்ட்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. கெடுபிடி இப்போது தளர்ந்திருக்குமே? எப்போது கிளம்பலாம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மாமா

2 ஏப்ரல் 2014

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

தங்கள் பாஸ்போர்ட் போன மாதம் காலாவதியானதாக உங்கள் மகள் சொன்னாள். அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். எங்கள் சேனலை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாயால் பிழைப்பவனுக்குப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை.

நான் எந்த மைதானத்துக்கும் போனதே இல்லை. ஆபீஸ் இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில், டிவியைப் பார்த்துத்தான் பதினெட்டு வருடமும் பேசினேன். நான் எழுதிய குளிர், தலைக்கு மேலே இருக்கும் ஏ.சி. "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, என்னை இதுல இழுக்காதீங்க" என்று உங்கள் மகள் அன்றே ஒதுங்கிக்கொண்டாள். உங்கள் கண்ணில் இறங்கிவிடுவேனே என்ற பயம்தான் மாமா. வெட்கமாக இருக்கிறது. திட்டுவதானால் முழுசாகத் திட்டிவிடுங்கள்.

மாப்பிள்ளை

9 ஏப்ரல் 2014

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதல் ஆட்டத்திலேயே தெரியும். நடுவில் படம் நின்றுபோனது ஞாபகம் இருக்கிறதா? "ஐயையோ, படம் போச்சே! இப்ப பந்து யார்கிட்டப்பா இருக்கு?" என்று நீங்கள் பக்கத்தில் யாரையோ கேட்டது ஊர் பூராவும் கேட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் என் பக்கம் திரும்பி, "மைதானத்துல இருக்கறவருக்குப் படம் எதுக்கு சார்?" என்றார். "நமக்குப் படம் தெரியலையேன்னு தவிக்கிறார்யா" என்று சமாளித்தேன். அன்றிலிருந்து சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மழையில் நனைந்தீர்களா என்று கேட்டது சும்மா சீண்டத்தான். பாஸ்போர்ட் எடுத்தது, அப்போதாவது வாயைத் திறப்பீர்கள் என்று. அந்தக் கடிதத்துக்குப் பத்து வருடம் பதில் போடவில்லை பாருங்கள், அதில் மட்டும் எனக்கு வருத்தம். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை.

மைதானம் நான் பார்க்காததா? நீங்கள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். கடைசி ஆட்டத்தன்று அந்த அறையில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா?

அன்புடன்,
மாமா

12 ஏப்ரல் 2014

அன்புள்ள மாமாவுக்கு,

நாற்காலி போட்டாயிற்று. ஏ.சி.க்கு நேர் கீழே இல்லை. இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். விசிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அந்த அறையில் எந்தச் சத்தம் போட்டாலும் ஊர் பூராவும் கேட்கும் என்பது நமக்குத் தெரியாததா?

உங்கள்,
மாப்பிள்ளை